இறால் குஞ்சுக்கும் ஒரு பஞ்சாரம் வேணும்

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. சாத்தனூர் அணையைத் தாண்டி ஓடுகிற தென்பெண்ணை, கடலூர் பக்கம் போய்க் கடலில் கலக்கிறது. ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற அந்த முகத்துவாரம்தான் இறாலுக்கும் நண்டுக்கும் பால்வாடி மாதிரி.

தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டை போடும். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்கு வந்து, சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். வழியில் பெரிய மீனும் நண்டும் பிடித்துத் தின்றுவிடும். மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பருந்துக்குப் பயந்து கோழிக்குஞ்சைப் பஞ்சாரம் போட்டு மூடுறோமில்லையா? தண்ணிக்கு அடியில் சுரபுன்னை வேர், கடற்புல், சிப்பி ஓட்டுக் குவியல் இதெல்லாம்தான் பஞ்சாரம். வேர் இடுக்கில் பெரிய மீன் நுழைய முடியாது. புல்லுக்குள்ளே குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. மட்டி சேற்றில் புதைந்துகொள்ளும். ஓடு கழற்றிய நண்டு பஞ்சு மாதிரி இருக்கும். புது ஓடு கெட்டியாகும்வரை அதுக்கும் மறைவிடம் வேணும். தரை மொட்டையானால் எல்லாமே இரைதான்.

கடலூர் மாவட்டம், சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரத்தைப் பாருங்க. அந்தக் காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, உப்புத்தண்ணி தேங்கி, கன்று முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர் மக்கள் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தண்ணி வந்துபோக வழிசெய்து கன்று நட்டார்கள். காடு மறுபடி தழைத்தது. 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அங்கே இருளர் பெண்கள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. வேரடியில் குஞ்சு பிழைத்தால்தான் அவங்க வீட்டில் அடுப்பு எரியும். நம்மைப் போலத் தினக்கூலிக் குடும்பங்கள்தான் அவங்களும்.

நாம் என்ன செய்யலாம்?

1. சந்தையில் வயிற்றடியில் முட்டை ஒட்டியிருக்கிற நண்டை வாங்காதீங்க. ஆரஞ்சு நிறத்திலோ கறுப்பாகவோ கொத்தாகத் தெரியும். ஒரு நண்டோடு பல லட்சம் குஞ்சு போகிறது.

2. விரல் நீளம்கூட இல்லாத நண்டு, இறால் குஞ்சை வாங்காதீங்க. கூனி இறால் வேறு. அது வளர்ந்தாலும் அவ்வளவுதான். தாராளமாக வாங்கலாம்.

3. பிளாஸ்டிக் பையை ஓடையிலும் ஆற்றிலும் போடாதீங்க. வெள்ளம் அதை முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய், குஞ்சு ஒளிகிற இடத்தை மூடிவிடும்.

இந்த மூன்றையும் அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. வாங்குகிற கை நம்முடையது. நாம் வேண்டாமென்றால் பிடிக்கிறவரும் யோசிப்பார்.