காமிராவுக்கு ஒரு சிறு லென்ஸ்

பூதப்பாண்டியில், பூதலிங்க சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, குறுகலான ஒரு தெருவில் நான் பிறந்த வீடு இருக்கிறது. 'இருக்கிறது' என்ற சொல் இன்னும் சில மாதங்களுக்குத்தான் பொருந்தும். பாகம் பிரித்தாயிற்று, ஓடுகளை இறக்குவதற்கு ஆளும் பேசியாயிற்று. அங்கே இப்போது தனியாக வாழ்பவள் என் அக்காள். அவளுக்கு வயது எண்பத்தாறு. வீடு போனபின் அவள் நாகர்கோவிலுக்கு மகன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவளுடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாதம் அவள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டா, வீட்டை இடிக்கிறதுக்கு முன்னால ஆச்சியையும் வீட்டையும் நல்லா படம் எடுத்து வைக்கணும். காமிரா இருக்கு. லென்ஸ் ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்க?"

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். காமிராவையும் ஐம்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன். ஆகவே விடை உடனே வாயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான், மாணவ நண்பர்களே, இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் என் பழைய கதை ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். தூரத்தை அருகில் கொண்டுவரும், அருகை விரித்துக் காட்டும்; ஒன்றே எல்லா வேலையும் செய்யும் என்று எண்ணினேன். காமிராவோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. தேரோட்டத்துக்கும் கலியாணத்துக்கும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் பீரோவில் பூட்டிக் கிடக்கும். என் தாய் மாலைதோறும் புறவாசலில் உட்கார்ந்து பிச்சிப்பூத் தொடுப்பாள். தாடகை மலைக்குப் பின்னால் வெயில் சாயும் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'ஒரு நாள் எடுக்க வேண்டும்' என்று நினைப்பேன். அந்த ஒரு நாள் வரவே இல்லை. இன்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரே படம். அதில் அவள் யாரையோ கண்டு அஞ்சியவள் போலத் தோன்றுகிறாள். லென்ஸின் மேல் குற்றம் இல்லை. எடுத்துச் செல்ல மனம் வராத ஒரு கருவியை வாங்கியவன் நான்.

ஆகையால் எடை என்பதை விலைப்பட்டியலின் கடைசி வரி என்று தள்ளிவிடாதீர்கள். என் கணக்கில் அதுதான் முதல் வரி.

இப்போது வரும் 'மிர்ரர்லெஸ்' காமிராக்கள் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கின்றன. பழைய எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் கணத்தில் மேலே மடங்கிக் கொள்ளும். அந்தக் கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டும் அல்லவா? அதனால் நிக்கானின் பழைய காமிராவில் லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் விட வேண்டியிருந்தது. குவிய தூரம் 28 மி.மீ. உள்ள ஒரு லென்ஸை இயல்பான முறையில் செய்தால், அது கண்ணாடியின் வழியில் போய் நிற்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க, முன்புறம் ஒளியை விரிக்கும் வில்லைத் தொகுதி ஒன்றைச் சேர்த்து, லென்ஸைத் தூரத் தள்ளி வைக்கும் உபாயத்தைப் பிரான்சு நாட்டு ஆஞ்சனியூ 1950-இல் தம் 'ரெட்ரோஃபோகஸ்' லென்ஸில் கையாண்டார். உபாயம் நல்லதுதான்; ஆனால் லென்ஸ் பருத்துப் போயிற்று. 2008-இல் பானாசோனிக்கின் ஜி1 வந்த பிறகு கண்ணாடி இல்லாத டிஜிட்டல் காமிராக்கள் பெருகின. நிக்கானின் இஸட் வகைக் காமிராவில் அந்த 46.5 மி.மீ. வெறும் 16 மி.மீ. ஆகிவிட்டது. லென்ஸ் செய்கிறவர்களுக்கு இடம் கிடைத்தது.

கிடைத்த இடத்தை எல்லோரும் சிறுமைக்குப் பயன்படுத்தினார்களா என்றால், இல்லை. அதே இஸட் காமிராவுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருக்கிறது. 12 வில்லைகள், 415 கிராம். மூலைவரை கூர்மை. ஆனால் அது காமிராவின் முன் ஒரு தம்ளரைப் பொருத்தியது போல நீண்டிருக்கும். 2021-இல் வந்த 40 மி.மீ. எஃப் 2 லென்ஸில் வில்லைகள் 6. எடை 170 கிராம். அதே ஆண்டு வந்த 28 மி.மீ. எஃப் 2.8 அதைவிடச் சிறிது எடை குறைவு. கேனன் 2023-இல் கொணர்ந்த 28 மி.மீ. லென்ஸ் 120 கிராம். கனம் 25 மி.மீ.கூட இல்லை. ஃபூஜியின் 27 மி.மீ. லென்ஸ் 84 கிராம்தான். இவ்வளவு தட்டையானவற்றை மேனாட்டார் தம் அடையின் பெயரால் 'பான்கேக்' என்பார்கள். நம்மூரில் செய்திருந்தால் ஊத்தப்பம் என்று பெயர் வைத்திருப்போம்.

ஜூம் வசதி இல்லாமல், ஒரே குவிய தூரம் கொண்ட லென்ஸுக்குப் 'பிரைம்' என்று பெயர். அதில் எண்ணைத் தேர்வதுதான் கடினம். பேத்தியிடம் இருந்தது நிக்கான் இஸட் 5. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவள் மாமன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. 28-ஆ, 40-ஆ என்பதே அவள் கேள்வி.

பள்ளிக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒத்த முக்கோணங்கள் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். அவள் காமிராவின் ஒளியுணர் தகடு 36 மி.மீ. நீளம். ஆகவே, 36 அடி உயரமுள்ள ஒரு பொருளைக் காமிராவை நிமிர்த்திப் பிடித்து முழுதும் அடக்க வேண்டுமானால், லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை அடி பின்னால் நிற்க வேண்டும். தைத் திருவிழாவில் வரும் தேர் 36 அடி உயரம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 அடி. 40-க்கு 40 அடி. 28-க்கு 28 அடி. வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஐம்பதடி பின்னால் போவதென்றால் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏற வேண்டியதுதான். உங்கள் காமிராவின் தகடு சிறிய வகையாக, ஏறத்தாழ 24 மி.மீ. நீளமாக இருந்தால், லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபூஜியின் 27 மி.மீ. அங்கே ஏறக்குறைய 40 ஆகிவிடும். இதை மறந்து, நண்பனின் காமிராவில் பார்த்த எண்ணை வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

எங்கள் வீட்டு அடுக்களைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். எட்டடி அகலம், பத்தடி நீளம். எட்டடிச் சுவர் முழுவதும் தெரிய 28 மி.மீ. லென்ஸோடு ஆறேகால் அடி பின்னால் நின்றால் போதும். 40-க்கு ஒன்பதடி வேண்டும். அறை பத்தடி என்றாலும், படம் எடுப்பவரின் உடம்புக்கும் காமிராவுக்கும் ஒன்றரை அடியாவது போய்விடும். முதுகு சுவரில் முட்டும். "அப்படியானால் 28-தான்" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவள் ஒப்பவில்லை. ஆச்சியின் முகம் என்ன ஆகும் என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. அகன்ற லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும் என்று பலரும் சொல்லுவார்கள். உண்மையில் பெரிதாக்குவது லென்ஸ் அன்று, தூரம். 28 மி.மீ. லென்ஸில் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் நாம் மிக அருகில் போக வேண்டும். அருகில் போனால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூர வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அதே இடத்திலிருந்து எந்த லென்ஸில் எடுத்தாலும் அந்த விகிதம் மாறாது. 40 மி.மீ. லென்ஸோடு ஒருவர் கயிற்றுக் கட்டிலில் எதிரே உட்கார்ந்து பேசும் தூரத்தில் இருந்துகொண்டு, பூவும் கையும் முகமும் சேர எடுக்கலாம்.

இன்னொரு காரணத்தையும் அவள் சொன்னாள். அதுதான் என்னை வாயடைக்க வைத்தது. ஒளி. எங்கள் அடுக்களைக்குள் பகலிலேயே விளக்கு வேண்டும். மேலே ஒரு கண்ணாடி ஓடு. அது வழியாக வரும் வெளிச்சந்தான். எஃப் எண் என்பது குவிய தூரத்தை லென்ஸின் திறப்பால் வகுத்த ஈவு. எண் சிறுத்தால் ஒளி மிகும். எஃப் 2, எஃப் 2.8-ஐப் போல இரு மடங்கு ஒளி தரும். காமிராவோடு வந்த 24-50 சிறு ஜூம் லென்ஸும் 195 கிராம்தான். எடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் நீண்ட முனையில் எஃப் 6.3. எஃப் 2-க்கு அது பத்தில் ஒரு பங்கு ஒளி. 40 மி.மீ. லென்ஸ் நூற்றில் ஒரு நொடியில் எடுக்கும் படத்துக்கு ஜூம் பத்தில் ஒரு நொடி கேட்கும். நம் கை நடுங்குவதைக் காமிரா தானே சமன் செய்துகொள்ளும். பூத்தொடுக்கும் விரல்களை யார் நிறுத்தி வைப்பது?

இருந்தும் நான் ஒரு சோதனை வைத்தேன். அந்த ஜூம் லென்ஸையே 28-இல் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, ஒரு வாரம் அதோடு திரியச் சொன்னேன். மறு வாரம் 40-இல். லென்ஸ் வாங்க எண்ணும் ஒவ்வொருவரும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை. முன்பே எடுத்த படங்கள் இருந்தால் இன்னும் எளிது. ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவிய தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் காமிரா எழுதி வைத்திருக்கிறது. நம் கண் எதை விரும்புகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

ஒற்றை லென்ஸோடு வாழ்ந்தவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்கா காமிராவோடும் 50 மி.மீ. லென்ஸோடும் கழித்தார். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவும் கண்ணாடி இல்லாத காமிராதான் என்பதை நினைவில் வையுங்கள். அவர் 1948 ஜனவரியில் காந்தியடிகளின் இறுதி நாட்களில் தில்லியில் இருந்தார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி இருந்ததால்தான் அங்கெல்லாம் பிறர் கண்ணை உறுத்தாமல் நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் ஒருவர். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரைக்கும் தஞ்சைக்கும் போனார். பெட்டி பெட்டியாகக் கருவிகள். மாட்டு வண்டிப் பயணம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு எந்த லென்ஸுக்கும் அடங்காது. அவர் சிறிது சிறிதாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார்.

இந்தச் செய்தியை அவளிடம் சொன்னதே என் வாதத்துக்கு வினையாயிற்று. "அடுக்களைச் சுவரையும் மூணு துண்டா எடுத்து ஒட்டிக்கிடலாமே பாட்டா. வெளிச்சத்தை ஒட்ட முடியுமா?" என்றாள். நான் என்ன சொல்வது? ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். நீண்ட கல்வெட்டுக்கு நகர வேண்டும். சிறிய அறைக்குள் நகரலாகாது. ஒரே இடத்தில் நின்று, லென்ஸ் இருக்கும் புள்ளி மாறாமல், காமிராவை மட்டும் திருப்ப வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள அம்மியும் பின்னாலுள்ள அலமாரியும் ஒன்றோடொன்று பொருந்தாது.

40 மி.மீ. லென்ஸை வாங்கினாள். குறைகள் இல்லாமல் இல்லை. காமிராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். 170 கிராம் எடைக்கு அது போதும் என்பது என் எண்ணம். எஃப் 2-இல் படத்தின் மூலைகள் சற்று மங்கும். அடுக்களை மூலையில் கரிதான் இருக்கிறது என்பதால் நஷ்டமில்லை. கண்ணுக்குக் குவித்தால் காது மங்கும். குவிப்பதில் கவனம் வேண்டும். லென்ஸ் வந்த அன்றே மூடி இறுகிய ஒரு டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பருவமழையும் பெய்யும் நாஞ்சில் நாட்டில், பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்த கண்ணாடியில் பூஞ்சை படர்வதை நான் என் செலவில் கற்றவன்.

பட்டாசாலையை முழுதாக எடுக்க 28 இருந்திருக்கலாம் என்று நான் இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இதுவரை நானூறு படங்கள் எடுத்திருக்கிறாள். பத்தாயத்தின் பூட்டு, முற்றத்தில் விழும் மழை, கண்ணாடி ஓட்டின் கீழே நிற்கும் ஆச்சி. சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் புறவாசலில் உட்கார்ந்து பூத்தொடுத்துக் கொண்டிருந்தாள். பேத்தி கட்டிலில் கால் தொங்கவிட்டுக் கதை கேட்டுக்கொண்டே இரண்டு படம் எடுத்தாள். எடுத்தது அக்காளுக்குத் தெரியாது. அப்படத்தில் அவள் எங்கள் தாயைப் போலவே இருக்கிறாள்.