மலை ஏறுமுன் எண்ண வேண்டியவை

(சங்க மண்டபத்தில் இளைஞர் பகுதியினர்க்கு நிகழ்த்திய பேச்சு)



ஹோட்டன் சமவெளியிலுள்ள கிரிகல்பொத்தை மலைக்கு ஒரு நாட் பயணம் போகவேண்டுமென்று இளைஞர்கள் விண்ணப்பஞ் செய்திருக்கிறார்கள். "பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பலாமா?" என்று பெற்றார் சிலர் எம்மிடம் வினவினர். இரு பகுதியார்க்கும் விடை கூறவே எழுந்து நிற்கின்றோம். அனுப்பலாம் என்பதே எமது கருத்து. ஆனால் எவ்வாறு போய் எவ்வாறு திரும்புவது என்பதை இம்மண்டபத்திலேயே தீர்த்துக்கொண்டு புறப்படல் வேண்டும்.

கிரிகல்பொத்தை ஏறக்குறைய 2,390 மீற்றர் உயரமுடையது. பிதுருதலாகல மலைக்கு அடுத்தபடியாக இலங்கையில் இரண்டாவது உயர்ந்த சிகரம். சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால், ஏறவேண்டிய உயரம் முந்நூறு மீற்றர் கூட வராது. "இவ்வளவுதானா?" என்று சில தம்பிமார் சிரிப்பது தெரிகிறது. சிரிக்க வேண்டாம். போக 7 கிலோ மீற்றர், வர 7 கிலோ மீற்றர். பாதை ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். சேறு, நீரோடை, ஆளை மறைக்கும் மூங்கிற் புதர் யாவும் வழியிலுண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊட்டுகின்ற பூமி அது. அங்கே கால் நனையாமல் நடக்கலாமென்று எண்ணுவது பேதைமை.

ஸ்கொத்லாந்து நாட்டு மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். 3 மைல் நடைக்கு 1 மணி. அதன்மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னுமொரு மணி. அக்கணக்கின்படி நமது பயணம் மூன்றரை மணியில் முடிந்துவிடும்! நல்ல பாதைக்கும் பழகிய காலுக்கும் உரிய கணக்கு அது. நாம் அதை இரட்டித்து 7 மணி என்று கொள்ளுகிறோம். உண்ணவும் இளைப்பாறவும் 1 மணி. ஆக, 8 மணி. காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் பிற்பகல் 3 மணிக்குத் திரும்பலாம். எமது நாட்டில் ஆறு மணியை அண்டிச் சூரியன் மறைந்தால், அரை மணிக்குள் கையும் தெரியாத இருளாகிவிடும். இடையிலுள்ள மூன்று மணியே நமது சேமிப்பு.

சேமிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம்? பல வருடங்களுக்கு முன் இதே சமவெளியில் நாம் செய்த பிழையை மறைப்பது நீதியன்று. ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, பின்னர் தேநீருக்காகவும் காத்திருந்து, பத்து மணிக்குப் புறப்பட்டோம். வேகமாக நடப்போர் முன்னே போயினர். புதுச் சப்பாத்து அணிந்து வந்த ஒரு தம்பி குதிக்காலிற் கொப்புளம் உண்டாகிப் பின்தங்கினார். அவரோடு வேறு யாரேனும் வருவார் என்று ஒவ்வொருவரும் எண்ணினோம், ஒருவருமே வரவில்லை. இரண்டு மணியளவில் மூடுபனி இறங்கியது. மரைகள் போய்வரும் தடம் மனிதர் நடக்குந் தடம் போலவே இருக்கும். தம்பி அதில் இறங்கிவிட்டார்.

கூவிக்கொண்டே திரும்பினோம். வழி தவறியதை உணர்ந்ததும் அவர் அங்குமிங்கும் ஓடாமல் ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். அதுவே அவரைக் காத்தது. ஐந்தரை மணிக்கு அவர் குரல் கேட்டது. ஒரேயொரு ரோர்ச் வெளிச்சத்தில் ஒன்பது பேர் வெளியேறினோம். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது தாயார் எம்மை ஒன்றுங் கேட்கவில்லை, தேநீர் தந்தார். அந்தத் தேநீர் தொண்டையில் இறங்க வெகு நேரஞ் சென்றது.

ஆதலால் சில கட்டுப்பாடுகள். நண்பகல் 12 மணிக்கு எங்கு நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம். சிகரம் கண்முன்னே தெரிந்தாலும் திரும்புவோம். மெதுவாக நடப்பவர் முன்னே செல்வார். மூத்தவர் ஒருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் எவரும் இருத்தலாகாது. ஒவ்வொருவரிடமும் ஊதுகுழல் இருக்கும். ஆபத்தாயின் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுக. கேட்டவர் மூன்று முறை ஊதி விடையளிப்பார். கைத்தொலைபேசியை நம்பி இதை விட்டுவிட வேண்டாம். மலைமடிப்புகளில் அதன் வாய் அடைத்துப் போகும்.

"உலக முடிவையும் அன்றே பார்த்துவிடலாமே" என்று கேட்கின்றனர். அந்தச் செங்குத்துப் பள்ளத்தைச் சுற்றிவர இன்னுமொரு 9 கிலோ மீற்றர் வேண்டும். ஆசை பெரிது, கால் இரண்டுதான். அது வேறொரு நாளைக்கு.

பருத்திச் சட்டை நனைந்தால் உடற் சூட்டைக் காக்காது. கம்பளிச் சட்டையும் மழை அங்கியும் கொணர்க. தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றருக்குக் குறையலாகாது. சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். வாயிலிற் பொலித்தீனைச் சோதித்து அகற்றுவர். வாழையிலையிற் கட்டிய புளிச்சாதமும் கச்சானும் போதும். மரைக்கு ஒரு கவளமும் கொடுக்கலாகாது; இரக்கத்தால் ஊட்டியவர்கள் அவற்றைப் பொதிகளைத் தேடித்திரியப் பழக்கிவிட்டார்கள்.

பயணம் மாசியில், மழை குறைந்த காலத்தில். அனுமதியையும் பாதையின் நிலையையும் வனசீவராசிகள் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவோம். முதனாள் மாலை நுவரெலியாவில் தங்குவோம். அதற்கு முன் மூன்று ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இம்மண்டப வாயிலிற் கூடிப் 10 கிலோ மீற்றர் நடப்போம். மூன்றுக்கும் வந்தவர் பெயரே பட்டியலிற் சேரும். பெற்றார் வந்து உடன் நடப்பதாயின் மகிழ்ச்சியே. சப்பாத்து மட்டும் பழையதாக இருக்கட்டும்.