வண்டி வந்துவிட்டது, விலாசம் வரவில்லை



மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற ஏதாவது ஒரு டூவீலரைக் காட்டி, "இது யார் வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "மச்சான் வண்டிங்க", "சித்தப்பா சிங்கப்பூர் போறப்போ கொடுத்துட்டுப் போனது", "ஒத்தக்கடையில செகண்ட்ஸ்ல எடுத்தேன்" என்று உடனே பதில் வரும். அந்த வண்டியின் ஆர்.சி. புக்கை விரித்தால், அதில் இருக்கும் பேரும் விலாசமும் பல நேரம் இந்தப் பதிலோடு ஒத்துப்போகாது. ஓட்டுகிறவர் ஒருத்தர், ஓனர் ஒருத்தர், விலாசமோ இருவருமே இப்போது குடியிருக்காத வீடு. அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதாவது, விலாசத்தைப் பற்றி.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் வேலை. அங்கே வாடகை வீட்டு விலாசத்தில் தவணைக்கு ஒரு பைக் எடுத்தார். பிறகு ஊருக்கே வந்து மேலூரில் ஒரு கடை போட்டார். வண்டியும் கூடவே வந்தது. வீட்டைக் காலி செய்யும்போது கேஸ் சிலிண்டரை மாற்றினார், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கினார், ரேஷன் கார்டை மாற்றினார், ஆதாரில்கூட புது விலாசம் ஏற்றிவிட்டார். ஆர்.சி. புக் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆதாரில் மாற்றினால் எல்லாவற்றிலும் தானாக மாறிவிடும் என்று நம்பிக்கை. மாறாது. வாகனப் பதிவேடு வேறு, ஆதார் வேறு.

இப்போது அவர் வாரத்துக்கு இரண்டு நடை சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிறார். நாலுவழிச் சாலையில் சிட்டம்பட்டி டோல்கேட்டைத் தாண்டி, ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்து வரும், தலையில் வராது. எங்கோ ஒரு கேமராவிலோ, சாலையோரம் நிற்கும் காவலரின் கைக்கருவியிலோ வண்டி எண் பதிவாகிறது. அபராதச் சலான் உருவாகிறது. குறுஞ்செய்தி, திருப்பூரில் அவர் எப்போதோ விட்டுவிட்ட சிம் எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். தபால் போனால் பழைய வாடகை வீட்டுக்குப் போகும். வீட்டுக்கார அம்மா தபால்காரரிடம், "அவங்க காலி பண்ணிட்டுப் போயி மூணு வருஷமாச்சே" என்பார். கதை அங்கே முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். சலான் அப்படி நினைப்பதில்லை.

முன்பெல்லாம் போலீஸ் கை காட்டினால் வண்டி நிற்கும், பேச்சு நடக்கும், பணம் கை மாறும், ரசீது வரும், சில நேரம் வராது. 2018 மே மாதம் சென்னையில் ரொக்கமே வாங்காத முறை வந்தது. வாங்கிய சலானுக்கு அப்புறமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. இது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் 'அப்புறம்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நிலுவை சேர்ந்துகொண்டே போய், 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, பாக்கி வைத்தவர்களைப் போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவதற்கென்றே கால் சென்டர்கள் தொடங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தெலங்கானா, டூவீலர் பாக்கியில் கால் பங்கு கட்டினால் போதும் என்று தள்ளுபடி அறிவித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் பாதிக்குப் பாதி என்றது. ஆடித் தள்ளுபடி மாதிரி கூட்டம். ஒழுங்காகக் கட்டியவனுக்கு இதில் என்ன மரியாதை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு.

தொகையும் இப்போது பழைய தொகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஒட்டி, தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் கடைசியில் புது அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் முன்பு 100 ரூபாய், இப்போது 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. நம் மேலூர்க்காரர் ஒரு வருஷத்தில் ஹெல்மெட்டுக்காக மட்டும் ஆறு முறை சிக்கினார் என்றால் 6,000 ரூபாய். அவருக்கே தெரியாத 6,000 ரூபாய். வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதோ, விற்கப் போகும்போதோ, அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் எழுந்து வரும். "சார், எனக்கு ஒரு தபால்கூட வரலையே" என்பார். பொய்யில்லை. வரவில்லைதான்.

ஆனால் சட்டம் இந்தப் பதிலை எப்படிப் பார்க்கிறது?

1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டம் என்று ஒன்று உண்டு. சரியான விலாசம் எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் ஒரு கடிதத்தைப் போட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்பது அதில் ஒரு விதி. 'சரியான விலாசம்' எது? நாமே எழுதிக் கொடுத்து பதிவேட்டில் இருப்பதுதான். அந்தக் காலத்தில் சம்மன் கொண்டுவருபவர், ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். நாம் குடிபோன பின்னும் பழைய கதவில் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு நம் பேரில் இருக்கும்வரை ஒட்டுபவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தக் கதவும் மாறிவருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மின்னணு வழியாகவும் சம்மன் அனுப்ப இடம் கொடுத்திருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலையே 2025இல் அஞ்சல் துறை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டது. அதனால் செல்போன் எண்ணும் இனி ஒரு விலாசம். பழைய சிம்மைத் தூக்கிப் போடுகிறவர், வீட்டைப் பூட்டாமல் விட்டுப் போகிறவரைப் போல.

அப்படியானால் எல்லாம் நம் தலையில்தானா? இல்லை. அரசுக்கும் கடமை உண்டு, அதை நான் அழுத்தியே சொல்வேன். கேமரா வழியாகப் பதியும் குற்றங்களுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி ஒன்றைச் சேர்த்தது. அதன்படி, சம்பவம் நடந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். வண்டி எண் தெரியும் படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவை மீறினார் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கேமரா இருக்கும் சாலையில் 'கண்காணிப்பு உண்டு' என்று எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்க வேண்டும். ஆகவே சலானைப் பார்த்ததும் பதறிப் பணம் கட்டாதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள். உங்கள் வண்டி கறுப்பு ஸ்ப்ளெண்டர், படத்தில் இருப்பது சிவப்பு ஸ்கூட்டி என்றால், யாரோ உங்கள் எண்ணைப் போட்டு ஓட்டுகிறார்கள், அல்லது எழுத்து ஒன்று தவறாக ஏறியிருக்கிறது. சலானைப் பார்க்கும் அரசு இணையதளத்திலேயே புகார் பதிவு செய்ய வசதி உண்டு. எண் போலி என்று தோன்றினால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கே பார்ப்பது? மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் இ-சலான் பகுதி இருக்கிறது. வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்தால் நிலுவை தெரியும். கைவராதவர்கள் இ-சேவை மையத்திலோ, பிள்ளைகளிடமோ கேட்கலாம். வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஒரு ஃபைல் வந்து, இன்ஸ்டால் செய்யச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். அபராதம் வசூலிக்க அரசு உங்கள் போனில் எதையும் நிறுவச் சொல்லாது. தொட்டுப் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போடுங்கள்.

பட்டியலில் 'கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது' என்று சில சலான்கள் இருக்கும். 'கோர்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இது பெரும்பாலும் மெய்நிகர் நீதிமன்றம், அதாவது இணையத்திலேயே நடக்கும் கோர்ட். டெல்லியில் 2019இல் ஆரம்பித்தது, தமிழ்நாட்டுக்கும் உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடி, குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையைக் கட்டினால் வழக்கு அதோடு முடியும். ஒப்புக்கொள்ளாமல் வாதாட வேண்டும் என்றால் அதையும் அங்கேயே சொல்லலாம், பிறகு வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். வக்கீல் பீஸையும் அலைச்சலையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் செய்யாத தப்புக்கு அலுப்பில் பணம் கட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி விலாசத்தை மாற்றுவது. குடிமாறினால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. அதற்கான படிவம் 33. தவணை முடியாத வண்டி என்றால் பைனான்ஸ்காரரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். நிறையப் பேர் நடுவில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தவணை முடிந்திருந்தால், அந்தக் கடன் பதிவை நீக்கும் வேலையையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். செல்போன் எண்ணைத் தனியாக மாற்ற வேண்டும். டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் விலாசம் இன்னொரு தனிக் கணக்கு. நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் வீடு மாறினால் 28 நாளுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே போய் அதை மறக்காமல் செய்யும் நம் பையன், லீவுக்கு ஊருக்கு வந்தால் அப்பா வண்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு எதுவும் எழுதாமல் திரும்பிப் போகிறான்!

விலாசம் மாறாததைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: வண்டியை விற்றும் பேர் மாறாதது. கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை வெறுமையாக வாங்கி புரோக்கர் பையில் வைத்துக்கொள்வார். வண்டி மூன்று கை மாறியிருக்கும், பேப்பரில் நீங்கள்தான் ஓனர். விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பேர் மாற்ற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை. வண்டி விற்கப்பட்டுப் பல கை மாறியபிறகு நடந்த விபத்து ஒன்றில், பதிவேட்டில் பேர் இருக்கிறவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓட்டியதும் இவர் இல்லை, வண்டியும் இவர் வீட்டில் இல்லை. இப்போது பதிவு பெற்ற பழைய வாகன வியாபாரிகளிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறையாகத் தளத்தில் ஏற்றினால், அதன்பிறகு பொறுப்பு அவர்களுடையது என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி வந்திருக்கிறது. வியாபாரி பதிவு பெற்றவர்தானா என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

புது விலாசத்தை எழுதும்போது ஒரு சின்ன விஷயம். நம் ஊர்களில் ஒரு வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. தெருவுக்கும் போர்டில் ஒரு பேர், வாயில் ஒரு பேர். கிராமம் என்றால் 'அம்பலகாரர் வீட்டுக்கு அடுத்த வீடு' என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த விலாசம். இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பின்கோடைச் சரிபாருங்கள். ஏனென்றால் தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்.சி.யும் லைசென்ஸும் கவுண்ட்டரில் கையில் தரப்படுவதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில்தான் வரும். விலாசம் மாறிவிட்டது என்று சொல்லும் புது ஆர்.சி.யே அந்தப் புது விலாசத்தைத் தேடிக்கொண்டுதான் வரும். நீங்கள் கடையில் இருக்கும் நேரத்தில் தபால்காரர் வந்து, கதவு பூட்டியிருந்து திரும்பிவிட்டால், அது மறுபடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்படியே, திருப்பூர் வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், மீட்டர் பாக்ஸ் மேலே உங்கள் பேருக்கு ஏதாவது கவர் கிடக்கிறதா என்று.