வெள்ளை நிறத்தை விற்பது யார்?



தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கூட்டம் அலைமோதும். துணிக்கடை, பூக்கடை, பலகாரக்கடை எங்கும் பேரம் பேசும் குரல்கள். ஆனால் பேரமே பேசாமல் ஒரு பொருளையும் பலர் வாங்கிப் பையில் போட்டுக் கொள்கிறார்கள். முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்தான் அது.

வாங்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. பிறகு எப்படி விற்கிறது? விளம்பரத் தொழிலின் பழைய ரகசியம் ஒன்று உண்டு. பொருளை விற்பதற்கு முன் ஆசையையோ குறையையோ விற்றுவிட வேண்டும்.

1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெண்கள் பொது இடத்தில் புகைப்பது இழிவாகக் கருதப்பட்டது. சிகரெட் நிறுவனம் ஒன்றுக்காக வேலை செய்த எட்வர்ட் பெர்னேஸ், நியூயார்க் நகரின் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டுடன் நடக்க வைத்தார். அந்தச் சிகரெட்டுகளுக்கு ‘சுதந்திரத் தீப்பந்தங்கள்’ என்று பெயர் சூட்டினார். மறுநாள் பத்திரிகைகளில் அது செய்தியாகவே வந்தது. புகையிலையின் சுவையைப் பற்றி அவர் பேசவே இல்லை. பெண் விடுதலை என்ற நல்ல ஆசையோடு சிகரெட்டை முடிச்சுப் போட்டார், அவ்வளவுதான்.

முகக் கிரீம் கதையும் இதே வழியில் வந்ததுதான். 1975இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அறிமுகமானது. அதன் விளம்பரங்களில் கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது. கிரீம் பூசியதும் எல்லாம் கைகூடும். மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் சிவப்பாகி விமானப் பணிப்பெண்ணாகும் விளம்பரம் ஒன்று, மாதர் சங்கத்தின் எதிர்ப்பால் 2003இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் இது நடந்தது. 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா வெளியிட்ட காணொளியில், கறுப்பு மை பூசிய முகத்தோடு வந்த பெண் அழகுப் பொருள்களால் வெளுத்த பிறகே ஏற்கப்பட்டாள். கண்டனம் எழுந்ததும் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக் காணொளியை அகற்றியது.

ஒரு விளம்பரத்தை நீக்கிவிடலாம். மனத்தில் பதிந்த படத்தை நீக்குவது எளிதா? திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே ஒன்றின் மீது விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சையன்ஸ் 1968இலேயே எழுதினார். தமிழ்ப் படங்களில் நாயகன் மாநிறமாக இருக்கலாம், நாயகி மட்டும் வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது எத்தனை ஆண்டு வழக்கம்! இதைப் பார்த்து வளரும் சிறுமி கண்ணாடி முன் நின்று என்ன நினைப்பாள்?

ஆனால் பழி முழுவதையும் விளம்பரத்தின் மீது போட்டுவிட முடியாது. அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை வீடு செய்து முடிக்கிறது. “வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய்” என்று சொல்வது பாட்டி. பிறந்த குழந்தையைப் பார்த்ததும் நிறத்தை விசாரிப்பது அத்தை. பெண் பார்க்கும்போது ‘நல்ல நிறமா?’ என்று கேட்பது மாப்பிள்ளை வீடு. கார்மேக வண்ணனைக் கும்பிடுகிறோம், காளிக்குப் படையல் போடுகிறோம். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பழமொழியும் சொல்கிறோம். மருமகள் மட்டும் சிவப்பாக வேண்டும்!

இதற்குக் கொடுக்கும் விலை ரிங்கிட்டோடு முடிவதில்லை. சில கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளாவின் மலப்புறம் பகுதியில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்து, 2024இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நமது சுகாதார அமைச்சும் பாதரசம், ஹைட்ரோகுவினோன் போன்றவை கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது அறிவித்துத் தடை செய்கிறது.

2020இல் ‘ஃபேர்’ என்ற சொல் கைவிடப்பட்டு, அந்தக் கிரீம் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. பயனீட்டாளர்களின் குரலுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆயினும் பெயர் மாறியதால் எண்ணம் மாறிவிட்டதா? அதற்கு முந்தைய ஆண்டு, நடிகை சாய் பல்லவி பெருந்தொகை தருவதாக வந்த முகக் கிரீம் விளம்பரத்தை மறுத்தார். ஒரு நடிகையால் பெருந்தொகையை மறுக்க முடிந்தது. நம்மால் ஒரு சொல்லை மறுக்க முடியாதா?

இனி விளம்பரத்தைப் பார்க்கும்போது, ‘இது எனக்கு எந்தக் குறையைச் சொல்லித் தருகிறது? அந்தக் குறை நேற்று எனக்கு இருந்ததா?’ என்று கேளுங்கள். கிரீம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், ‘என்ஓடி’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, சுகாதார அமைச்சின் என்பிஆர்ஏ இணையத்தளத்தில் சரிபாருங்கள். எண் இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பெண் பிள்ளையிடம் “ஏன் கறுத்துப் போனாய்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “என்னம்மா படிக்கிறாய்?” என்று கேளுங்கள்.