மென்மையும் மெலிவும்

திருவனந்தபுரத்திற்கும் நாட்டியக் கலைக்கும் உள்ள உறவு நெடியது. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) காலத்தில், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு இந்நகர் அரசவைக்கு வந்து மோகினியாட்டத்திற்கு வளம் சேர்த்தார். குரு கோபிநாத் 1963-ஆம் ஆண்டில் விசுவ கலா கேந்திரத்தை நிறுவியதும் இந்நகரின் வட்டியூர்க்காவில்தான். 1957 முதல் நடைபெற்றுவரும் மாநிலப் பள்ளிக் கலைவிழா 2025 சனவரியில் இங்கே கூடியபோது, பரதமும் மோகினியாட்டமும் ஆடுவதற்கு எல்லா மாவட்டங்களிலிருந்தும் மாணவ மாணவியர் வந்திருந்தனர்.

அந்த மேடைகளைக் கண்டு மகிழும் நாம், அவற்றின் பின்னே நிகழும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆடும் பெண்ணின் கலை மட்டுமின்றி அவளுடைய உடலும் ஓயாமல் அளக்கப்படுகிறது. நிலைக்கண்ணாடி, புகைப்படம், கைப்பேசித் திரை, உற்றார் பேச்சு ஆகிய யாவும் அளவுகோல்களாகின்றன. “இடை பெருத்துவிட்டதே, இராச் சோற்றை விட்டுவிடு” என்று விளையாட்டாகச் சொல்லப்படும் ஒரு சொல், பதின்மூன்று வயதுச் சிறுமியின் உள்ளத்தில் கட்டளையாகப் பதிந்துவிடுகிறது. அவள் முதலில் இரவு உணவை விடுகிறாள். பின்னர்க் காலை உணவையும் விடுகிறாள். நாளடைவில் பசியை வெல்வதே சாதகம் என்று நம்பத் தொடங்குகிறாள்.

மேனாடுகளில் பாலே என்னும் நடனத்தைப் பயிலும் பெண்களிடம் இந்நோய் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2014-இல் வெளியிடப்பட்ட முடிவு ஒன்று, உணவு பற்றிய மனநோய்கள் நடனமாடுவோரைப் பற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டுகிறது. நடனமாடுவோருள் நூற்றுக்குப் 12 பேரும், பாலே ஆடுவோருள் நூற்றுக்குப் 16 பேரும் இந்நோய்களுக்கு ஆளாகியிருந்தனர்.

இது மேனாட்டு நோய்தானே என்று நாம் வாளா இருத்தல் இயலாது. பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தால் நெடுநாள் உணவை ஒதுக்கி, வட கேரளத்தில் ஓர் இளம் மாணவி உயிர் நீத்த செய்தியை 2025-இல் நாளேடுகளில் படித்தோம். அவரைப் பற்றிய அந்த அச்சம், நாள்தோறும் கண்ணாடியின் முன் நிற்கும் நாட்டிய மாணவியை இன்னும் எளிதில் பற்றும் அன்றோ?

உணவு குறைந்தால் உடலில் நிகழ்வது என்ன? செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிட்டாதபோது, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. மாதவிலக்கு தவறுகிறது, எலும்புக்கு உரமூட்டும் சுரப்புநீர் குறைகிறது. மனிதர்க்கு எலும்பு வலுப்பெறுவது பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய காலத்திற்குள்ளேயே. அரைமண்டியில் நின்று தரையை ஓங்கித் தட்டும் கால்களுக்கு அவ்வலுவே முதல். அதனை இழந்தவளுக்கு எலும்பில் நுண்ணிய முறிவுகள் தோன்றலாம். ஆட்டத்திற்காகப் பட்டினி கிடந்தவளின் ஆட்டமே நின்றுபோகலாம்.

“நாட்டிய நூல்களே மெல்லிய உடலைத்தானே கேட்கின்றன?” என்பார் உளர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்கு விடை கூற விரும்புகிறேன். நந்திகேசுவரர் இயற்றிய அபிநய தர்ப்பணம், ஆடுபவளின் இலக்கணத்தைத் ‘தன்வீ’ என்ற சொல்லால் தொடங்குகிறது. மெல்லியலாள் என்பது அதன் பொருள். ஆனால் அதே நூல், ஆடத் தகாதவர் எனப் பதின்மரைக் கூறும் இடத்தில், மிகப் பருத்தவளோடு ‘அதிக்ருசா’, அதாவது மிக மெலிந்தவள், என்பவளையும் சேர்த்தே விலக்குகிறது. அப்பட்டியல் முழுவதையும் இக்காலத்தில் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூலார்க்கு மென்மை வேறு, மெலிவு வேறு என்பது தெளிவு. இரண்டையும் ‘ஒல்லி’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால் அது பிழையான பெயர்ப்பாகும். அப்பிழையைத்தான் நாம் நம் பெண்மக்களின் உடல்மீது எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அபிநயத்தில் ஈடிணையற்றவர் எனப் போற்றப்பட்ட பாலசரசுவதி (1918–1984), உடல் பருத்த பின்னரும் அரங்கை ஆண்டவர். 1976-இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த படத்தைக் கண்டவர்கள், அவருடைய முகத்தையும் விரல்களையும் நினைவில் வைத்திருப்பார்களேயன்றி, இடையின் சுற்றளவை நினைத்திருக்க மாட்டார்கள்.

கருநிறமுடைய ஆடவர்க்கு மோகினியாட்டம் பொருந்தாது என்ற பொருள்படும் பேச்சு ஒன்று 2024 மார்ச்சில் வெளிவந்தபோது, கேரளமே கண்டித்து எழுந்தது. கேரளக் கலாமண்டலம் ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணனை அழைத்துத் தன் கூத்தம்பலத்தில் ஆடச் செய்தது. நிறத்தைப் பழித்த சொல்லுக்கு எழுந்த அக்குரல், பருமனைப் பழிக்கும் சொல்லுக்கு மட்டும் ஏன் எழுவதில்லை? அச்சொல் அன்பின் பெயரால், வீட்டிலும் வகுப்பிலும் மெல்லிய குரலில் சொல்லப்படுவதே காரணம் போலும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவியின் மண்டியைத் திருத்துங்கள், தாளத்தைத் திருத்துங்கள், எடையைப் பற்றிப் பலர் முன் பேசாதீர்கள். அன்னையரே, மகள் உண்டுவிட்டதாகச் சொல்லித் தட்டை ஒதுக்கினாலும், அடிக்கடி மயங்கினாலும், தலைமுடி கொட்டினாலும், மூன்று திங்கள் விலக்குத் தவறினாலும், கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பயிற்சிக்குப் புறப்படுமுன் ஒரு நேந்திரம் பழமும், திரும்பியதும் கஞ்சியும் பயறும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சலங்கை கட்டும் கால்களுக்குச் சோறு வேண்டும். அதை வயிறார உண்ணும் உரிமையை நம் பெண்கள் நம்மிடம் கேட்டுப் பெறும் நிலை வாராதிருக்கட்டும்.