பழைய கணினியிலும் பாட்டு வரும்



விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய, 512 எம்.பி. ரேம் மட்டுமே கொண்ட கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. இன்றைய இணையத்துக்கு அவை ஈடுகொடுக்காது. இசைக்கு நிச்சயம் ஈடுகொடுக்கும். தேவையானது ஒன்றுதான்: பொருத்தமான மெய்நிகர் மிடி டிரைவர்.

மிடி வந்தது 1983-இல். வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழி செய்தது. மிடி கம்பியில் ஒலி போவதில்லை. கீபோர்டின் நடு 'ஸி' கட்டையை அழுத்துகிறீர்கள். போவது 144, 60, 100 என்ற மூன்று எண்கள். முதலாவது எண், முதல் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டதைச் சொல்கிறது. 60 என்பது எந்தக் கட்டை என்பதையும், 100 என்பது எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதையும் சொல்கின்றன. மொத்தம் மூன்றே பைட்டுகள். சி.டி. தரத்தில் ஒரு நொடி இசைக்கோ 1,76,400 பைட்டுகள் வேண்டும். ஸ்வரக் குறிப்பு எழுதிய தாளுக்கும் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசம் இது. அதனால்தான் பழைய பென்டியம்கூட மிடியைச் சிரமமில்லாமல் கையாள்கிறது.

தாளை வைத்துக்கொண்டு வாசிக்க ஒருவர் வேண்டுமல்லவா? விண்டோஸுக்குள்ளேயே ரோலண்ட் நிறுவனத்தின் ஒலிகளைக் கொண்ட ஒரு சிந்தசைசர் இருக்கிறது. மிடி கோப்பைக் கேட்க அது போதும்; கீபோர்டில் நேரடியாக வாசித்தால் ஒலி தாமதமாக வரும். அதற்கு மாற்றாகத்தான் மெய்நிகர் சிந்தசைசர் டிரைவரை ஏற்றுகிறோம். சவுண்ட்ஃபான்ட் என்ற ஒலிக் கோப்பை அதற்குக் கொடுத்தால் வீணையோ வயலினோ அதிலிருந்து ஒலிக்கும். பெரிய கோப்பு நன்றாக இருக்கும் என்ற ஆசையில் 512 எம்.பி. ரேமில் நூற்றுக்கணக்கான எம்.பி.யை ஏற்ற வேண்டாம். முப்பது எம்.பி. அளவுக்குள்ளேயே அருமையான தொகுப்புகள் இருக்கின்றன.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்வரங்களை அனுப்ப வேண்டுமானால் வேறொரு வகை டிரைவர் வேண்டும். கணினிக்குள்ளேயே கம்பி இழுக்கும் வேலை அதனுடையது. எக்ஸ்பிக்கு மிடி யோக் என்பது பலரும் பயன்படுத்தியது.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இன்ஸ்டால் செய்யும்போதுதான். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய கெர்னல் டிரைவர் 64 பிட்டில் ஏறாது. 64 பிட் விஸ்டாவிலிருந்து டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் விண்டோஸுக்கென்றே வெளியான பதிப்பைத் தேடுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-லேயே நின்றுவிட்டதால், டிரைவரைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, வைரஸ் சோதித்து, பென் டிரைவில் கொண்டுவருவது நல்லது. ஏற்றுவதற்கு முன் சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் ஏறியும் பட்டியலில் பெயர் வரவில்லையா? பழைய விண்டோஸ் மிடி டிரைவர்களுக்குப் பத்து இடங்களைத்தான் ஒதுக்கியிருக்கிறது. எப்போதோ கழற்றிய யூ.எஸ்.பி. கருவிகள் அந்த இடங்களைப் பிடித்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அவற்றை நீக்குங்கள். இன்னொன்று: ஒரே மென்பொருளில், மிடி யோக் போன்ற டிரைவர் தரும் ஒரே மெய்நிகர் போர்ட்டை உள்ளீடாகவும் வெளியீடாகவும் வைத்தால், அனுப்பிய ஸ்வரமே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து கணினியைத் திணறடிக்கும்.

எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலின் ஒலிப் பகுதிக்குள், மிடி இசைக்கான இடத்தில், புதிய சிந்தசைசரைத் தேர்ந்தெடுங்கள். விஸ்டாவிலிருந்து இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அங்கே மென்பொருளுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சிந்தசைசரின் பஃபர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தாமதம் குறையும். படபடவென்று ஒலி வெடிக்கத் தொடங்கினால், ஒரு படி மேலே ஏற்றிவிட்டு வாசிக்க ஆரம்பியுங்கள்.