கட்டைவிரலுக்கும் லீவு வேண்டும்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கி கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணி, கட்டைவிரலை நம்பிப் பிழைத்தவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு புகார் அடிக்கடி கேட்கிறது. "கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி உயிர் போகிறது, பிள்ளையைத் தூக்க முடியவில்லை." உடனே பதிலும் வரும்: "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்", "சுளுக்கு, உருவிவிட்டால் போகும்." இரண்டும் சரியில்லை.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து, வழி இறுகி, உரசல் ஏற்படுகிறது. 1895இல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயரே நோய்க்கும் பெயர். இளம் தாய்மார்களுக்கு அதிகம் வரும். பேரப்பிள்ளை வளர்க்கும் நமக்கும் வரும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் வலி சுரீரென்று ஏறும். டாக்டர் பெரும்பாலும் இப்படிக் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். எலும்புத் தேய்மானம் என்ற சந்தேகம் இருந்தால்தான் எக்ஸ்ரே. விரல்கள் மரத்துப்போனால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். எனவே நாமே முடிவு கட்டக்கூடாது.

முதல் மருந்து ஓய்வு. மணிக்கட்டோடு கட்டைவிரலையும் அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட்டைச் சில வாரம் போடச் சொல்வார்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை போதாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் இதம் தரும். பால் கொடுக்கும் தாய்மார்களும், சிறுநீரகம், வயிற்றுப்புண் தொல்லை உள்ளவர்களும் கேட்காமல் வலி மாத்திரை போட வேண்டாம். அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு அதிலேயே குணமாகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறலாம், கவனம். அதற்கும் அடங்காவிட்டால், உறையைத் திறந்துவிடும் சிறிய ஆபரேஷன்.

குழந்தையை அக்குளில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்காதீர்கள். உள்ளங்கை மேல் நோக்க, முதுகுக்கும் அடிப்பக்கத்துக்கும் கீழே முன்கையைக் கொடுத்து அள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ப்ளிண்ட் போட்ட கையே துணி பிழிந்து, மாவு பிசைந்து, பாத்திரமும் தேய்த்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. ஓய்வை டாக்டர் சீட்டில் எழுதத்தான் முடியும். கொடுக்க வேண்டியது நாம்தான்.